ஈ2 என்றால் என்ன?

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்து எட்டு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்பு; திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது எனக்கு அவசரமாக ஒன்று வேண்டும்.

போன வாரம் முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவர் எழுதியிருந்தார். 2013இல் நாம் வெளியிட்ட மண் ஈரக் கட்டுரையின் மூலத் தரவு வேண்டுமாம். எவ்வளவு மகிழ்ந்துபோனேன் தெரியுமா! நம் ஆய்வகப் பெரியவர் விரட்டி விரட்டி மூன்று இடங்களில் சேமிக்கவைத்தாரே, அந்தப் புண்ணியத்தில் கோப்பு பத்திரமாக இருந்தது. 'இறுதி', 'இறுதி-2', 'உண்மையான இறுதி' என்று உன் கைவண்ணமும் அப்படியே இருந்தது.

திறந்தவுடன் மகிழ்ச்சி வடிந்துவிட்டது. மூன்றாவது நெடுவரிசையின் தலைப்பு வெறும் 'ஈ2'. அது எடையளவில் (உலர்மண்ணின் எடைக்கு நீரின் எடை எத்தனை பங்கு என்று) கணக்கிட்ட ஈரமா, கன அளவிலா (மண்ணின் கன அளவில் நீர் எத்தனை பங்கு என்று)? நடுவில் ஆங்காங்கே -999. அளவெடுக்காமல் விட்ட நாட்கள் என்பது நமக்குத் தெரியும். தெரியாதவருக்கும் அந்த எண் கண்ணை உறுத்திவிடும். ஈ2 உறுத்தாது. ஒரு கன சென்டிமீட்டரில் 1.3 கிராம் உலர்மண் இருக்கும், அதாவது பரும அடர்த்தி 1.3 உள்ள மண்ணில் எடையளவில் 20 சதவீத ஈரம் என்றால், கன அளவில் அது 26 சதவீதம். இரண்டுமே நம்பும்படியான எண்கள். தவறாக எடுத்துக்கொண்டு அவர் ஓர் ஆய்வையே கட்டிவிடலாம்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், காப்புப் பிரதி எடுக்கும் நிரலில் நேர்ந்த கோளாறால் சுமார் 77 டெராபைட் தரவு அழிந்தது, நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து எங்கள் துறையில் பேச்செல்லாம் சேமிப்பைப் பற்றித்தான். நம் தரவோ ஒரு பைட்கூடக் குறையவில்லை, ஆனாலும் பாதி தொலைந்துவிட்டது. ஆய்வுத் தரவைக் கையாள 2016இல் வந்த ஃபேர் (FAIR) நெறிகள், தரவைக் கண்டெடுக்க முடிய வேண்டும், பெற முடிய வேண்டும், பிற தரவோடு இணைக்க முடிய வேண்டும், மறுபடி பயன்படுத்த முடிய வேண்டும் என்கின்றன. முதல் இரண்டில் தேறினோம். கடைசி நெறியில் தோற்றது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது என் மாணவர்கள் அளவெடுத்த அன்றே, ஒவ்வொரு தலைப்புக்கும் பொருளும் அலகும் எழுதிய விளக்கக் கோப்பைத் தர வேண்டும். தராமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

ஓவனில் 105 டிகிரியில் உலர்த்திய மாதிரிகளின் எடைகளை உன் பச்சை நோட்டில்தானே குறித்தாய்? ஏப்ரல் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. நான் கணக்கிட்டு ஒப்பிட்டுக்கொள்கிறேன். நோட்டு இல்லையென்றால் அதையும் உடனே சொல். அந்த நெடுவரிசையின் பொருள் தெரியவில்லை என்று மாணவருக்கு எழுதிவிடுகிறேன். ஊகித்து ஒரு வரியும் அனுப்ப மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழி