உபதேசியார் தாத்தாவ எங்க அடக்கம் பண்ணாங்க

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. கர்த்தருடைய நாமத்துல ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சொகம். நீயும் மாப்பிள்ளையும் சொகமா இருக்கணும்னு காலையிலயும் ராத்திரியும் ஜெபிக்கோம்.

கருப்பட்டி பார்சல் வந்துட்டா? உடன்குடியில நேரா போயி வாங்குனது, சீனி கலக்காதது, பத்திரமா வச்சுக்க. உளுந்த வறுத்து மாவா திரிச்சு அம்மா அதே டப்பாவுக்குள்ள தனிக் கவர்ல வச்சிருக்கா, கட்டி தட்டாம கிண்டி நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி களி பண்ணிச் சாப்பிடு, நாளு தள்ளிப் போனாலும் பரவால்ல நாப்பது நாளு விடாம சாப்பிடணும்னு அம்மா சொல்லச் சொன்னா. சாக்ஸ் போடாம தரையில நடக்காத. ஹீட்டருக்குக் காசு பாக்காத.

நான் எழுத வந்தது வேற விஷயம். போன்ல சொல்லலாம்னு பாத்தா அம்மாகிட்ட அரை மணி நேரம் பேசிட்டு என் கைக்கு வரும்போது 'டியூட்டிக்கு நேரமாச்சுப்பா'ன்னு வச்சிருத. ஆகஸ்ட்ல இருந்து அப்படித்தான். பரவால்ல, ஆஸ்பத்திரி வேல அப்படி, நான் ஒண்ணும் நெனைக்கல. அதான் உக்காந்து டைப் பண்ணுதேன், நேரம் கெடைக்கும்போது படி.

சபையில வேதம் சொல்லிக் குடுத்த நம்ம உபதேசியார் தாத்தா விஷயம்தான். அவரு இலங்கைக்குப் போயி அங்கயே செத்துப் போனாருன்னுதான ஆச்சி கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தா, காப்பித் தோட்டத்துல குளிர் காய்ச்சல் வந்து போயிட்டாரு, எந்த மலையில பொதச்சாங்கன்னு கூட தெரியலன்னு. அவரு போனது நெசம்தான். 1854ல கண்டிச் சீமையில தோட்டத்து ஆளுங்களுக்குன்னு சி.எம்.எஸ்., அதான் இங்கிலாந்து சர்ச் மிஷனரி சொசைட்டி, தமிழ் கூலி மிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சப்ப திருநெல்வேலி ஜில்லாவுல இருந்துதான் உபதேசியார்மார கூட்டிட்டுப் போனாங்க. தோட்டத்துல வேல பாத்தவங்க பேசுற தமிழு வெள்ளக்காரங்களுக்கு எங்க புரியும், நம்ம பக்கத்து ஆளு போனாத்தான் அவங்க இருந்த லயத்துல, அதான் வரிசை வீட்டுல, உக்காந்து பேச முடியும். ஆனா அவரு திரும்பி வந்துட்டாரும்மா. நம்ம ஊருலதான் இருக்காரு. அதத்தான் நான் கண்டுபிடிச்சேன்.

எப்படின்னு சொல்லுதேன், நீ படிச்சவ, ஒனக்குப் பிடிக்கும். இதுல பெரிய குழப்பம் என்னன்னா நம்ம ஊருக்குன்னு அப்ப தனி சேகரம், அதாவது ஒரு பாதிரியாருக்குக் கீழ உள்ள சபைங்க, கெடையாது, ஓலை வேஞ்ச ஜெபவீடு மட்டும்தான், அதனால ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாமே தாய்ச் சேகரத்துப் பதிவேட்டுலதான் எழுதியிருப்பாங்க. அந்தத் தாய்ச் சேகரம் எதுன்னு கண்டுபிடிக்கதுக்கே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. மெஞ்ஞானபுரம்னு நெனச்சேன், நம்ம பனங்காட்டுக்கு மேல தெரியுமே அந்தக் கோபுரம், 192 அடி, நீ சின்னப் புள்ளையில பஸ்ல இருந்து கைய நீட்டிக் காட்டுவ, ஜான் தாமஸ்ங்கிற வெள்ளக்காரப் பாதிரியார், ஐயர்னு சொல்லுவோமே, அவரு கட்டுனது. ஆனா ஒரு சேகரம் ரெண்டா பிரியும்போது பழைய புஸ்தகம் தாய்க்கோயில்லயே நின்னுரும், புதுக்கோயில்ல புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்க, நம்ம ஊரு அப்படி ரெண்டு தடவ கை மாறியிருக்கு. பத்தாததுக்கு மிஷனே ரெண்டு, ஒரு ஊரு சி.எம்.எஸ்., அடுத்த ஊரு எஸ்.பி.ஜி.ங்கிற இன்னொரு இங்கிலீஷ் மிஷன், எஸ்.பி.ஜி.க்கு இடையன்குடியில கால்டுவெல், சி.எம்.எஸ்.க்கு பாளையங்கோட்டையில சார்ஜென்ட், 1877ல ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் உதவி பிஷப் ஆக்குனாங்க. 1896லதான் எல்லாம் சேந்து ஒரே திருநெல்வேலி அத்தியட்சாதீனம், அதான் டயோசிஸ், ஆச்சு, 1947ல சி.எஸ்.ஐ.ங்கிற தென்னிந்தியத் திருச்சபை, 2003ல தூத்துக்குடி நாசரேத் டயோசிஸ்னு திரும்பப் பிரிஞ்சாச்சு. எந்த வருஷத்துப் பேப்பரு எந்த அலமாரியில இருக்கும்னு தெரிஞ்சுதான் போயி நிக்கணும், சும்மா போயிக் கேட்டா 'அதெல்லாம் செல்லரிச்சுப் போச்சு சார்'னு சொல்லிருவாங்க.

கடைசியில ஒரு கோயில்ல அந்த சபை ஊழியர் நல்ல மனுஷன், பெஞ்ச இழுத்துப் போட்டு மூணு புஸ்தகத்தையும் எடுத்துக் குடுத்தாரு. புள்ளி வைக்காத பழைய கையெழுத்து, கொம்பு ஒத்தையா ரெட்டையான்னு வித்தியாசம் கெடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், வருஷத்த தமிழ் எண்ணுல போட்டிருக்கு. முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீஸ்ல அடங்கல், அதான் நிலக்கணக்கு, பாத்த கண்ணு, எனக்குத் தடவல. ஆனா பேருதான் கொன்னுட்டு. தாத்தா பேர பேரனுக்கு வைக்கது, அவன் பேர அவன் பேரனுக்கு வைக்கது, ஒரே பக்கத்துல எத்தன ஞானமுத்து, எத்தன தேவசகாயம், அப்பன் பேரயும் சேத்துப் பாத்தாத்தான் ஆளு பிடிபடும். மொதல்ல கல்யாணப் பதிவேட்டுல அவரு மூத்த மக கல்யாணத்தக் கண்டேன், தகப்பன் பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு இருந்துச்சு, அது 1881. அப்ப அதுக்கு முன்ன செத்திருக்காருன்னு அடக்கப் பதிவேட்ட பின்னால இருந்து முன்னால பொரட்டிக்கிட்டே வந்தேன். 1878ல இருக்காரு. தாது வருஷப் பஞ்சம் முடிஞ்சும் முடியாத நேரம். வியாதி வாந்திபேதி. அடக்கம் பண்ணின எடம் நம்ம ஊரு. எனக்கு அந்த எடத்துலயே கண்ணு கலங்கிட்டும்மா.

ஒனக்கு நான் கேக்குற ஒதவி இதுதான். சி.எம்.எஸ். மிஷனோட பழைய காயிதம் பூரா நீ இருக்க பர்மிங்காம்ல, யுனிவர்சிட்டியில, கேட்பரி லைப்ரரின்னு ஒண்ணு இருக்கு, அங்கதான் இருக்காம். பதிவேடு அங்க இருக்காது, அது இங்கதான், ஆனா ஒவ்வொரு மிஷனரியும் நம்ம ஐயர்மாரும் லண்டனுக்கு எழுதுன கடுதாசியும் வருஷ ரிப்போர்ட்டும் இருக்கும். அதுல தென்னிந்தியாவுக்குத் தனிக்கட்டு, இலங்கைக்குத் தனிக்கட்டு, ரெண்டையும் பாக்கணும், எந்த வருஷம் போனாரு, எதுக்குத் திரும்புனாருன்னு ஒரு வரியாச்சும் இருக்கலாம். முன்கூட்டியே மெயில் போட்டுட்டுத்தான் போகணும். ஒரு நாளு லீவு போட்டுப் போயிட்டு வாயேன். வெளிய போனா ஒனக்கும் நல்லாருக்கும். வீட்டுக்குள்ளயே இருக்கன்னு மாப்பிள்ள சொன்னாரு. அவர் மேல கோவப்படாத, நான்தான் நோண்டிக் கேட்டேன். களி சாப்பிடுதியா இல்லையான்னு கூட அவர்கிட்டதான் கேக்க வேண்டியிருக்கு.

பழைய பேப்பரப் படிக்க நீயும் கெட்டிக்காரிதான். பிளஸ் டூவுல நீ வாங்குன மார்க்க இன்னும் நான் பர்ஸ்ல வச்சிருக்கேன். நம்ம குடும்பத்துல கடல் தாண்டுன ரெண்டாவது ஆளு நீ, மொதல் ஆளு அவரு. ஆனா அவராச்சும் ஆறு மாசத்துக்கு ஒரு காயிதம் போட்டிருப்பாரு. சரி அத விடு.

இன்னொண்ணு சொல்லணும். அவரு புள்ளைங்க ஞானஸ்நானத்த வரிசையா குறிச்சேன், 1862, 64, 66, 68, அதுக்கப்புறம் 1873. ரெண்டு ரெண்டு வருஷமா வந்தது நடுவுல அஞ்சு வருஷம் தாவுது. 'அந்தச் சமயத்துலதான் இலங்கையில இருந்திருப்பாரோ'ன்னு நான் சபை ஊழியர்கிட்ட கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டிட்டு, 'இருக்கலாம் சார், ஆனா புள்ள தங்கலைன்னாலும் இப்படித்தான் இருக்கும், ஞானஸ்நானம் குடுக்கதுக்கு முன்ன போன புள்ளைய எந்தப் புஸ்தகத்துலயும் எழுத மாட்டாங்க'ன்னாரு. பழைய ஜெபப்புத்தகத்துல அடக்க ஆராதனைக்கு மேல சின்ன எழுத்துல போட்டிருக்கும், ஞானஸ்நானம் வாங்காம மரிச்சவங்களுக்கு இந்த ஆராதனை கெடையாதுன்னு. ஆராதனை இல்லைன்னா பதிவு இல்ல. பதிவு இல்லைன்னா நூத்தைம்பது வருஷம் கழிச்சு என்னய மாதிரி ஒருத்தன் வந்து தேடுனா வெறும் அஞ்சு வருஷம்தான் தெரியும்.

அன்னைக்குச் சாயங்காலமே நம்ம ஊரு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவருக்குக் கல்லு ஒண்ணும் இல்ல, தேரிக்காத்துல செம்மண்ணு அடிச்சு அடிச்சு மேக்குப் பக்கமே மேடாயிட்டு, பழைய வரிசை அதுக்கு அடியில எங்கயோ இருக்கு. அவரத் தேடித்தான் போனேன். ஆனா எங்காலு கெழக்கு மூலைக்குப் போயி நின்னுச்சு. அங்க ஒரு உடைமரம் நின்னுச்சு, அத வெட்டிட்டாங்க, காம்பவுண்டு சுவரு வந்துட்டு, எங்க நிக்கேன்னே எனக்கு வெளங்கல.

எம்மா, எங்க கல்யாணம் 1983, நீ பொறந்தது 1987ன்னு ஒனக்குத் தெரியும். நடுவுல என்னன்னு நீ கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல. 84ல ஒனக்கு மூத்தது ஒண்ணு எட்டு மாசத்துல உசுரில்லாம பொறந்துச்சு. ஒங்கம்மா மயக்கத்துல கெடந்தா. நானும் ஒங்க தாத்தாவும் பழைய டீத்தூள் பெட்டியில வச்சு பொழுது சாஞ்சப்புறம் கொண்டு போனோம். ஐயர நான் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு, ஒரு ஜெபமாச்சும் பண்ணியிருப்பாரு, எனக்கு யாரும் பாக்காம சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. அந்த உடைமரத்துக்கு அடியில நான்தான் தோண்டுனேன். ஒரு கல்லக் கூட எடுத்து வைக்கல. ஒங்கம்மா முழிச்சதும் ஆணா பொண்ணான்னு கேட்டா. 'நான் பாக்கல'ன்னுட்டேன். எங்க வச்சீங்கன்னு கேட்டா, 'அதெல்லாம் எதுக்கு இப்ப, அடுத்தது வரும்'னேன். ரெண்டு மூணு தடவ கேட்டா, அப்புறம் கேக்கல, நானும் மறந்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

பொண்ணும்மா. நான் பாத்தேன். தல நெறைய முடி.

நேத்து ராத்திரி ஒங்கம்மாகிட்ட சொன்னேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக்கிட்டு இருந்தா, திரும்பிக் கூடப் பாக்கல. 'எனக்குத் தெரியும், நர்ஸம்மா அன்னைக்கே சொல்லிட்டா'ன்னா. நாப்பது வருஷமா அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு மனசு வந்து சொல்லட்டும்னு இருந்திருக்கா. 'எந்த எடம்னு மட்டும் காட்டுங்க'ன்னா. கெழக்கு மூலைதான்னு சொன்னேன். சுவத்துக்கு உள்ளயா வெளியயான்னு கேட்டா. என்னால சொல்ல முடியல.

ஆகஸ்ட்ல நீ ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி 'அப்பா, அவளுக்குப் பேரு'ன்னு ஆரம்பிச்ச. நான் முழுசாச் சொல்ல விடல. 'பேரெல்லாம் எதுக்கும்மா, விடு, அடுத்த வருஷம் ஆண்டவர் தருவாரு'ன்னுட்டேன். ஒங்கம்மாவுக்குச் சொன்ன அதே வார்த்த. நீ ஒண்ணும் சொல்லாம போன வச்ச. அதுல இருந்துதான் எங்கிட்ட நீ பேசலைன்னு எனக்குத் தெரியும், டியூட்டி இல்லைன்னும் தெரியும். அந்த ஊருல ஏழாம் மாசத்துப் புள்ளைக்கும் பேரு போட்டு சர்டிபிகேட் குடுப்பாங்கன்னு மாப்பிள்ள சொன்னாரு, நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம தோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போறீங்கன்னும் சொன்னாரு. எனக்குத் தெரியாம போச்சும்மா. தெரிஞ்சுக்க நான் கேக்கல.

வேதபுத்தகத்துல மொதப் பக்கத்துல ஒங்க தாத்தா எழுதி வச்ச வரிசை இருக்குல்ல, அத எறக்கி வச்சிருக்கேன். 1983க்கும் ஒம் பேருக்கும் நடுவுல ஒரு வரி எழுத எடம் இருக்கு, அம்மா ஒரு பேரு சொல்லியிருக்கா, அவளே எழுதுதேன்னா. உபதேசியார் தாத்தாவுக்கு 1878ன்னும் நம்ம ஊருன்னும் நான் எழுதிட்டேன். ஒம் புள்ளைக்கும் எழுதணும். பேரு என்ன வச்சன்னு சொல்லு, தமிழ்ல எழுதி அனுப்பு, நகரமா னகரமான்னு நான் தப்பாப் போட்டுறக் கூடாது. தேதியும் எழுது. எந்தத் தோட்டம், எத்தனாவது வரிசைன்னும் எழுது. விசா வாங்குறதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு மாப்பிள்ளகிட்ட கேட்டிருக்கேன், நானும் அம்மாவும் வரணும்.

லைப்ரரிக்கு இப்ப போகாண்டாம், நான் வந்தப்புறம் சேந்து போவோம். பார்சல் வந்துட்டா இல்லையான்னு மட்டும் இன்னைக்கே ஒரு மெசேஜ் போடு.

அப்பா