ஃபிஃப்த் வீல் டிரெய்லர்: பழுதுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் அமெரிக்காவை ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்க ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கலாமா என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களைப் போன்ற வாசகர்களுக்காக எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

பிக்கப் டிரக்கின் பின்தட்டில் உள்ள இணைப்பில், டிரெய்லரின் முன்பகுதியிலுள்ள 'கிங்பின்' என்ற முளையைப் பூட்டி இழுத்துச் செல்லும் இந்த நடமாடும் வீட்டின் விலை 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். நாங்கள் வாங்கிய புது டிரெய்லரில், பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அவுட் அறையின் மேல்மூலையில் மூன்றாம் மாதமே மழைநீர் கசிந்தது. கூரை விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு, நீர் புகாமல் இடுக்கை அடைக்கும் சீலன்ட் பூசாமல் விடப்பட்டிருந்தது. சிறிது நேரத்தில் சரிசெய்திருக்கக்கூடிய அந்தக் குறை, எங்கள் கண்ணில் படுவதற்குள் தரைப்பலகையை ஊறவைத்து, சுவரின் ஃபைபர் கிளாஸ் தகட்டையும் உப்பிப் பிரியச் செய்துவிட்டது. விற்றவரின் பணிமனையில் உதிரிபாகத்துக்காக டிரெய்லர் பதினோரு வாரம் நின்றது. அந்த வாரங்களும் எங்கள் ஓராண்டு உத்தரவாதத்தில்தான் கழிந்தன. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

டிரெய்லர் முழுமைக்கும் ஒரே உத்தரவாதம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் ஏசி, ஃபிரிட்ஜ், சக்கர அச்சு, டயர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்தவர்களே தனித்தனியாகப் பொறுப்பேற்கிறார்கள். கூரை சீலன்ட்டைக் குறித்த இடைவெளியில் சோதித்துப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை என்றும், டிரெய்லரிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்றும் பல நிறுவனங்களின் தாள்களில் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே வாழ நினைப்பவர்கள் இந்தக் கடைசி விதியை அவசியம் படிக்க வேண்டும்.

கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் தொழில்துறைச் சங்கத்தின் முத்திரையையும் பலர் தரச்சான்றாகக் கருதுகிறார்கள். அது மின்சாரம், குழாய், எரிவாயு, தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கான விதிகளைப் பின்பற்றுவதாகத் தயாரிப்பாளர் அளிக்கும் உறுதியே தவிர, கூரை ஒழுகாது என்பதற்கான சான்று அன்று. 2021-இல் மட்டும் டிரெய்லர் உள்ளிட்ட 6 லட்சம் பொழுதுபோக்கு வாகனங்கள் (நடமாடும் வீடுகள்) வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வந்தன. அவற்றில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில் கட்டப்பட்டவை. அந்த வேகத்தில் ஒரு சீலன்ட் கோடு விடுபடலாம் என்பது எனக்குப் புரிகிறது. விடுபட்டதைத் தொழிற்சாலையிலும் விற்பனையகத்திலும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

1975-ஆம் ஆண்டின் மேக்னுசன் மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, எழுத்து வடிவ உத்தரவாதத்தை விற்பனைக்கு முன்பே வாங்குபவர் படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆகவே அதைக் கேட்டுப் பெற்று, வீட்டில் அமர்ந்து படியுங்கள். விற்பனையாளரைச் சாராத, சான்றிதழ் பெற்ற ஆய்வாளர் ஒருவரை அமர்த்தி, ஈரப்பதமானியால் சுவர்களையும் தரையையும் சோதித்து, கூரை மீது தண்ணீர் பாய்ச்சிப் பார்த்து, கண்ட குறைகள் அனைத்தும் சரிசெய்யப்பட்ட பிறகே கையெழுத்திடுங்கள். வாய்மொழி வாக்குறுதிகளை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வாகனத்துக்கு மாற்றோ பணமோ பெற்றுத் தரும் 'லெமன்' சட்டம், பல மாநிலங்களில் எஞ்சின் இல்லாத டிரெய்லர்களுக்குப் பொருந்துவதில்லை. அந்த மாநிலங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும். பணிமனையில் நின்ற நாட்களை உத்தரவாதக் காலத்துடன் கூட்டித் தருவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஒஹாயோ, அமெரிக்கா.