செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு சுத்தமான சைன் அலைக்காகப் போன வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் பேசினார்கள் என்று வரிசையாக எழுதுவோம். இந்த முறை அப்படி எழுதினால் வருடம் எப்படிப் போனது என்பதே யாருக்கும் விளங்காது, ஏனென்றால் பெரும்பகுதி ஒரே வேலையில்தான் போனது: நம் கூடத்துக்கென்று டிஸ்டார்ஷன் (அலை வடிவத்தின் சிதைவு) மிகக் குறைவான ஆடியோ சிக்னல் ஜெனரேட்டர், அதாவது ஆம்ப்ளிஃபயர்களைச் சோதிக்க சைன் அலை தரும் கருவி, ஒன்றைக் கட்டுவது. மற்ற விஷயங்களைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இது எதற்கு என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். கூடத்தில் ஏற்கெனவே இருந்தவை இரண்டு. ஒன்று எக்ஸ்ஆர்2206 சிப்பை வைத்துக் கட்டிய பழைய பெட்டி. முக்கோண அலையை வளைத்து சைன் மாதிரி ஆக்கித் தருகிறது, நன்றாகத் திருகிச் சரிசெய்தாலும் டிஸ்டார்ஷன் அரை சதவீதம் வாக்கில் நிற்கும். இன்னொன்று ஏடி9833 வைத்த சின்ன டிஜிட்டல் போர்டு. அதிர்வெண் துல்லியம் பிரமாதம், ஆனால் உள்ளே இருப்பது 10 பிட் டிஏசி (எண்ணை வோல்டேஜாக மாற்றும் பகுதி), அதிலிருந்து எவ்வளவு சுத்தத்தை எதிர்பார்க்க முடியும்? நம் ஆட்கள் இன்று கட்டுகிற ஆம்ப்ளிஃபயர்கள் 0.01 சதவீதத்துக்கும் கீழே போகின்றன. அரை சதவீத சைனை உள்ளே விட்டு அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயரை அளப்பது, அழுக்குத் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு கண்ணாடி சரியில்லை என்று சொல்வது போலத்தான். அதனால்தான் போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம்.

தீர்மானம் போடுவது சுலபம், எந்த சர்க்யூட் என்பதில்தான் சண்டை. மூத்த உறுப்பினர்கள் எல்லோரும் வீன் பிரிட்ஜ் பக்கம். அதில் நியாயம் இருக்கிறது. மாக்ஸ் வீன் 1891-இல் சொன்ன பிரிட்ஜை (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த வலை) எடுத்து, அதன் அலை உயரத்தைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன இழை பல்பைப் போட்டு, 1939-இல் வில்லியம் ஹியூலெட் செய்த ஆசிலேட்டர்தான் (தானாக அலை உண்டாக்கும் சர்க்யூட்) எச்பி கம்பெனியின் முதல் பொருளான 200ஏ ஆனது. பிரிட்ஜ் அதன் அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது, ஆகவே ஆம்ப்ளிஃபயரின் கெயின் (பெருக்கும் மடங்கு) சரியாக 3 இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அலை செத்துப்போகும், கொஞ்சம் கூடினால் வளர்ந்து வளர்ந்து சப்ளை வோல்டேஜில் முட்டித் தலை தட்டையாகிவிடும். பல்பு இங்கேதான் கைகொடுக்கிறது. அலை பெரிதானால் இழை சூடாகி ரெசிஸ்டன்ஸ் கூடுகிறது, கெயின் தானாகக் குறைகிறது. டயோடோ டிரான்சிஸ்டரோ இல்லாமல் வெறும் சூட்டை வைத்தே ஒரு கட்டுப்பாடு! இதைப் பார்த்து ஆசைப்படாதவர்கள் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வந்திருக்கவே மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பல்புக்குச் சில குணங்கள் உண்டு. அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கினால் இழை ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் சூடாகிக் கொஞ்சம் ஆறத் தொடங்குகிறது, அது நேராக மூன்றாம் ஹார்மோனிக்காக, அதாவது மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஒட்டிக்கொள்ளும் அழுக்காக, வெளியே வருகிறது. அதிர்வெண்ணை மாற்றினால் அலை உயரம் சில விநாடி ஊசலாடிவிட்டுத்தான் நிற்கும். மேசையைத் தட்டினால் இழை ஆடுகிறது, லெவலும் ஆடுகிறது. அதோடு, இப்போது கிடைக்கிற பல்புகளில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. இளைய உறுப்பினர்கள் ஸ்டேட் வேரியபிள் என்ற வேறு வகை ஆசிலேட்டர் வேண்டும் என்று நின்றார்கள். கடைசியில் செயற்குழு இரண்டையும் ஏற்றுக்கொண்டது: உறுப்பினர்கள் வீட்டில் கட்டிப் பழக பல்பு வைத்த வீன் பிரிட்ஜ், கூடத்தின் பொதுக் கருவியாக ஸ்டேட் வேரியபிள். சமரசம்தான், ஆனால் நல்ல சமரசம். பல்பு சர்க்யூட்டைக் கட்டியவர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் சாதாரண ஆப் ஆம்பை (பெருக்கி சிப்) வைத்தே 0.01 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டார்கள். வீட்டு மேசைக்கு அது தாராளம்.

சரி, கூடத்துக் கருவிக்கு வருவோம். இரண்டு இன்டகிரேட்டர், அலையைத் தலைகீழாக்கும் ஒரு இன்வெர்ட்டர், மூன்றையும் வளையமாகப் போட்டால் ஸ்டேட் வேரியபிள். இன்டகிரேட்டரின் இயல்பே அதிர்வெண் ஏற ஏற அடக்குவது, அதனால் முன்னால் எங்காவது பிறக்கிற இரண்டாம் ஹார்மோனிக் ஒவ்வொரு இன்டகிரேட்டரைக் கடக்கும்போதும் அடிப்படை அலையோடு ஒப்பிட்டால் பாதியாகிறது, மூன்றாவது மூன்றில் ஒன்றாகிறது. 15.8 கிலோ ஓமும் 10 நானோஃபாரடும் போட்டோம். கணக்குப்படி 1007 ஹெர்ட்ஸ் வரும். மிகச்சரியாக 1000 வேண்டும் என்று ஒருவர் கடைசிவரை மல்லுக்கட்டினார், டிஸ்டார்ஷன் அளக்க அது தேவையே இல்லை. மற்ற ரேஞ்சுகளுக்கு கெபாசிட்டரைப் பத்துப் பத்து மடங்காக மாற்றுகிற ரோட்டரி சுவிட்ச். தொடர்ச்சியாகத் திருப்புகிற இரட்டை பொட்டென்ஷியோமீட்டர் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். அதன் இரண்டு பாதியும் ஒன்றுபோல நகராது, ஒவ்வொரு திருப்பலுக்கும் லெவல் துள்ளும்.

அலை உயரத்தைக் கட்டுப்படுத்த ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) போட்டோம், வருடத்தின் பாதி சண்டை இதிலேயே நடந்தது. ஜேஃபெட் ஒரு ரெசிஸ்டர் மாதிரி நடந்துகொள்வது அதன் மேல் விழும் வோல்டேஜ் மிகச் சின்னதாக இருக்கும்வரைதான். அதனால் அதன் டிரெயின் காலில் இருக்கும் வோல்டேஜில் பாதியை, அதைக் கட்டுப்படுத்தும் கேட் காலுக்குக் கொடுத்து இரண்டாம் ஹார்மோனிக்கை அடக்கினோம், முழுச் சிக்னலும் அதன் வழியாகப் போகாமல் ஒரு சிறு பங்கு மட்டும் போகும்படி வைத்தோம். அது செய்கிற கெடுதலும் அந்தப் பங்குக்கு மட்டும்தான். இதற்குப் பிறகும் மூன்றாம் ஹார்மோனிக் அசையாமல் நின்றது. காரணம் ரெக்டிஃபயர். அலையை நேராக்கி கேட்டுக்கு அனுப்புகிறோம் அல்லவா, அதில் இரட்டிப்பு அதிர்வெண்ணில் கொஞ்சம் அலைச்சல் மிச்சம் இருக்கிறது. அது அடிப்படை அலையோடு பெருகும்போது மூன்றாம் ஹார்மோனிக் பிறக்கிறது. பெரிய கெபாசிட்டரால் வடிகட்டினால் அலைச்சல் போகும், ஆனால் ரேஞ்ச் மாற்றிய பிறகு லெவல் நிலைக்க வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ஸ்டேட் வேரியபிளில் 90 பாகை தள்ளிய அலையும் சும்மா கிடைக்கிறதே என்று யோசனை சொன்னவர் நம் புதிய உறுப்பினர்களில் ஒருவர். கூட ஒரு இன்வெர்ட்டர் போட்டு நான்கு கட்டங்களையும் சேர்த்து நேராக்கினோம். அலைச்சல் சிறுத்து, நான்கு மடங்கு அதிர்வெண்ணுக்குப் போய்விட்டது, சின்ன கெபாசிட்டரே போதும் என்றாகிவிட்டது. இந்த வருடத்தில் நான் பார்த்த நல்ல யோசனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உதிரி பாகங்களில் கெபாசிட்டரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தன் பிரதியில் மூன்றாம் ஹார்மோனிக் குறையவே இல்லை என்று ஒரு உறுப்பினர் ஆப் ஆம்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைத் திருப்பிப் பார்த்தால் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிற இடத்தில் எக்ஸ்7ஆர் செராமிக். அந்த வகையில் வோல்டேஜ் ஏறினால் கெபாசிட்டன்ஸே மாறும், சைன் எப்படி சைனாக இருக்கும்? அதே செராமிக்கில் சி0ஜி வகை என்றால் பிரச்சினை இல்லை. பாலிப்ரோப்பிலீன், பாலிஸ்டைரீன் இரண்டும் நல்லவை, பாலிஸ்டைரீன் மட்டும் சாலிடரிங் சூட்டில் உருகிவிடும், கால்களை நீளமாக விட்டு சட்டென்று வைத்து எடுக்க வேண்டும். ரெசிஸ்டர் மெட்டல் ஃபிலிம் போதும்.

ஆப் ஆம்ப் பற்றிப் பேசிய அளவுக்கு அதில் விஷயம் இல்லை. என்இ5532-இல் தொடங்கி எல்எம்4562-க்கு மாறினோம். மற்ற அழுக்கெல்லாம் போகும்வரை இந்த மாற்றத்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, போன பிறகு 10 கிலோஹெர்ட்ஸில் தெரிந்தது. சகாய விலைக்கு வாங்கிய ஒரு கட்டு எல்எம்4562 உள்ளே வேறு ஏதோ சிப் என்று பிறகு தெரியவந்தது. வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இனி இதைக் கவனிக்கவும்.

மின்சப்ளை ±15 வோல்ட், எல்எம்317-உம் எல்எம்337-உம். டிரான்ஸ்பார்மரை முதலில் அதே பெட்டிக்குள் வைத்திருந்தோம். அலுமினியப் பெட்டி மின்சார அதிர்வெண்ணில் வருகிற காந்தப்புலத்தைத் தடுக்காது, ஹம் (மின்சப்ளையின் முனகல்) தன் பங்குக்கு வந்து நின்றது. டிரான்ஸ்பார்மரைத் தனியாக ஒரு இரும்புப் பெட்டியில் போட்டு, நீண்ட கேபிள் வழியாகக் கொண்டுவந்ததும் அடங்கியது. கிரவுண்ட் வயரிங்கை அதற்குள் முழுவதும் பிரித்து மறுபடி செய்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

இப்போது அளப்பது. உண்மையைச் சொன்னால் ஜெனரேட்டரைக் கட்டியதைவிட அதை அளக்க வழி செய்ததுதான் பெரிய வேலை, இந்த வருடத்துக்கு ஏதாவது மதிப்பு இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. 0.001 சதவீதம் என்றால் அடிப்படை அலைக்கு 100 டெசிபெல் கீழே. 0.0001 சதவீதம் என்றால் 120 டெசிபெல், அதாவது 1 வோல்ட் அலைக்குள் ஒளிந்திருக்கிற 1 மைக்ரோவோல்ட்டைத் தேட வேண்டும். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) இது தெரியவே தெரியாது, அதில் 1 சதவீத டிஸ்டார்ஷனையே கண்ணால் பிடிப்பது கஷ்டம். சவுண்ட் கார்டில் நேராகக் கொடுத்தால் திரையில் தெரிவது ஜெனரேட்டரின் ஹார்மோனிக்கா கார்டின் ஹார்மோனிக்கா என்று பிரிக்க முடியாது.

ஆகவே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை வெட்டி எடுக்கும் ட்வின்-டி நாட்ச் ஃபில்டர் கட்டினோம். ஆசிலேட்டரில் போட்ட அதே 15.8 கிலோ ஓமும் 10 நானோஃபாரடும்தான். பாதி ரெசிஸ்டன்ஸ் வேண்டிய இடத்தில் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தோம், இரட்டிப்பு கெபாசிட்டன்ஸ் வேண்டிய இடத்திலும் அப்படியே. அதிர்வெண் தானாகப் பொருந்திவிடும், மிச்சத்தைச் சின்ன டிரிம்மரால் இழுத்துக்கொள்ளலாம். அடிப்படை அலையை இது விழுங்கிவிடுவதால் மிஞ்சும் ஹார்மோனிக்கைப் பெருக்கி, கார்டு தன் சொந்தக் கோளாறைக் காட்டாத அளவுக்குச் சிறிய சிக்னலாகவே கொடுக்கலாம். ஒரே ஒரு விஷயம்: ட்வின்-டி ஹார்மோனிக்குகளையும் கொஞ்சம் தின்னும். இரண்டாவதை 9 டெசிபெல், மூன்றாவதை 5 டெசிபெல் வாக்கில். அதைத் திரும்பக் கூட்டாமல் எண்ணைச் சொல்வது ஏமாற்று வேலை. இந்தத் திருத்தத்தை ஒட்டிய அட்டை மேசையில் இருக்கிறது, தயவுசெய்து பார்க்கவும்.

இன்னொரு சண்டை ஹார்மோனிக் மட்டுமா, இரைச்சலும் சேர்த்தா என்பது. 16 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று சும்மா கிடந்தாலே 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தில் 2 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் வெப்ப இரைச்சல் தருகிறது. அப்படியிருக்க இரைச்சலையும் சேர்த்து 0.0001 சதவீதம் என்று 1 வோல்ட்டில் ஒருவர் சொன்னால், எப்படி அளந்தார் என்று கேட்க வேண்டும். அதேபோல 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் அலையை அளந்தால் மூன்றாம் ஹார்மோனிக்கான 30 கிலோஹெர்ட்ஸ் கார்டுக்குள்ளேயே நுழையாது. எண் அழகாக வரும், அர்த்தம் இருக்காது. அதனால் செயற்குழு ஒரு விதி வைத்தது: நம் பலகையில் யார் எந்த டிஸ்டார்ஷன் எண்ணை எழுதினாலும் அதிர்வெண், லெவல், அளந்த அகலம், இரைச்சல் சேர்ந்ததா இல்லையா என்ற நான்கையும் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாத எண்களை நான் அழித்துவிடுகிறேன், சிலருக்கு என்மேல் கோபம், பரவாயில்லை.

நம் கருவி 1 கிலோஹெர்ட்ஸில், 1 வோல்ட்டில், ஹார்மோனிக் மட்டும் என்றால் 0.001 சதவீதத்துக்கு நன்றாகவே கீழே நிற்கிறது. இன்னும் ஒரு பூஜ்யம் சேர்க்கலாமா என்று ஒரு குழு துடிக்கிறது. என் கருத்து, வேண்டாம். உறுப்பினர்கள் கொண்டுவருகிற ஆம்ப்ளிஃபயர்களில் இதைவிடச் சுத்தமானது இன்னும் வரவில்லை, வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மாறான தீர்மானம் ஒன்று வந்திருக்கிறது, அது இன்று உங்கள் முன் வரும்.

கருவியின் பயன்பாடு பற்றி: அவுட்புட் 600 ஓம், வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. ஒருவர் பவர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை இதன் அவுட்புட்டில் சொருகிய பிறகு பாதுகாப்பு டயோடுகளும் ஒரு ஃபியூஸும் சேர்த்திருக்கிறோம். அவை டிஸ்டார்ஷனைக் கூட்டவில்லை என்று அளந்து பார்த்துவிட்டோம்.

மற்றவை. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சாலிடரிங் வகுப்புக்கு எதிர்பார்த்ததைவிட ஆள் வந்தார்கள், ரேடியோ வகுப்புக்கு வரவில்லை. நூலகப் பொறுப்பாளர் டேட்டாஷீட்டுகளை எல்லாம் அச்சிட்டு வரிசைப்படுத்திவிட்டார், அவருக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிய நிர்வாகிகள் தேர்தல் அதற்குப் பிறகு. செயலாளர் பதவிக்கு விருப்பமுள்ளவர்கள் தாராளமாக வரலாம், நான் நாட்ச் ஃபில்டரின் 10 கிலோஹெர்ட்ஸ் பலகையை முடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த அறிக்கைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். அப்புறம், ஒரு சதவீத பாலிஸ்டைரீன் கெபாசிட்டர்கள் இருந்த டப்பா கூடத்தில் இல்லை. எடுத்துப்போனவர் யாராக இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடவும்.

செயலாளர்