முதலில் நீ போ

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துவிட்டேன். புது வேலை, அப்பாவின் கண் ஆபரேஷன், வீடு மாறிய அலைச்சல் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய்: “கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, இன்னும் ஒண்ணும் இல்லடா. தேவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு.” மற்ற மூன்று பக்கமும் அந்த வரிக்காக எழுதியதுதான் என்று எனக்குத் தெரியாதா?

தேவிக்கு எடுத்தாச்சு, சரி. உனக்கு?

கோபத்தில் கேட்கவில்லை. இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே ஒன்றரை வருடத்தை ஓட்டியவன் நான். அப்போது உன்னிடம்கூட வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு மகள் பிறந்ததுதான் உனக்குத் தெரியும், அதற்கு முந்தைய நாலு வருடம் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

மீனாவுக்கு மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., ஸ்கேன் எதையும் விடவில்லை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்களே, அந்த எச்.எஸ்.ஜி. முடிந்து வெளியே வந்தவள் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். மூடியைத் திருக அவள் கையில் பலமில்லை. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. அதன் பிறகு நாங்கள் மாறிப் போய்ப் பார்த்த டாக்டர் அம்மா அத்தனை காகிதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்க ரிப்போர்ட் எங்கே?” என்று என்னைக் கேட்டார். மீனா என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அந்த நிமிடத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணம் ஒன்று இருக்கும், தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ. ஆனால் ஊசி, ஸ்கேன் எல்லாம் முதலில் அவர்களுக்குத்தான். விந்துப் பரிசோதனையில் வலி கிடையாது, ஒரு காலை வேளையில் முடிந்துவிடும். அதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல், விந்து வெளியேறாதபடி இடைவெளி விட வேண்டும். லேபிலேயே தனி அறை தருவார்கள். அங்கே முடியாவிட்டால் வீட்டில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடலாம். நான் அப்படித்தான் கொண்டுபோனேன். சூடு குறையக் கூடாது என்று அந்தச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் என் பெயரை எழுதியது மீனா.

ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பதைக் கீழ் எல்லையாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. எனக்கு 60 லட்சம். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வந்துவிடாதே. காய்ச்சல் வந்து போயிருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். ஓர் அணு உருவாகி முதிர்ந்து வெளியே வர இரண்டரை, மூன்று மாதமாகிறது. அதனால் இன்று சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். மறுபடி எடுத்தபோதும் எனக்குக் குறைவாகவே இருந்தது. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கும் வேரிகோசில் என்று கண்டுபிடித்தார்கள்.

நீ ஜிம்முக்குப் போவதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் உடம்பு ஏற்றுவதற்கென்று ஊசியோ ஸ்டீராய்டோ யாராவது தந்தால் தொடாதே. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால் உடம்பு தன் பங்குக்கு விந்தணு உற்பத்தி செய்வதை நிறுத்திக்கொள்ளும். ஆண்மைக்கு நல்லது என்று விற்பார்கள், நடப்பது நேர்மாறாக. ஏற்கெனவே போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

அடுத்தது நாள் கணக்கு. பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 14-ஆம் நாளைக் குறித்துவைத்து முயற்சி செய்வதாக எழுதியிருக்கிறாய். தேவிக்கு 32 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்று நீயேதான் அதற்கு மேலே எழுதியிருந்தாய். முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்னால். 32 நாள் சுற்று என்றால் அது 18-ஆம் நாளை ஒட்டி வரும். வெளிவந்த முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்கூட முழுசாக இல்லை, விந்தணுவோ உள்ளே ஐந்து நாள்வரை தாங்கும். முட்டை வரும்போது அணு அங்கே தயாராகக் காத்திருக்க வேண்டும். அதனால் 12-ஆம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும். சேர்த்துவைத்து ஒரே நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் வேண்டாம்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துகிறது. முட்டை வெளிவந்ததா என்று பார்க்க 21-ஆம் நாள் எடுத்த புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் குறைவு, அதனால் முட்டையே வரவில்லை என்று சொன்னார்களாமே? 21 என்பது 28 நாள் சுற்றுக்காரர்களுக்குச் சொல்வது. அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டிய சோதனை அது. தேவிக்கு 25-ஆம் நாளையொட்டி எடுத்திருக்க வேண்டும். டாக்டரிடம் இதை நேரடியாகக் கேள். பாவம், நம்மிடம்தான் குறை என்று அந்தப் பெண் எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாளோ!

இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள், ஆனால் காத்திருக்காதே. பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயற்சி செய்து பார்க்கலாம். 35 தாண்டினால் ஆறே மாதம். பீரியட்ஸ் ஒழுங்கில்லாதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. நீங்கள் மூன்று வருடம் காத்தாயிற்று. தேவியிடம் ஃபாலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் எடுக்கிறாளா என்று கேள். கரு தங்கிய பிறகு ஆரம்பித்தால் தாமதம், முன்னாலிருந்தே வேண்டும்.

ஐ.வி.எஃப். குழந்தை, அதான் டெஸ்ட் டியூப் குழந்தை, நம் குழந்தை மாதிரி இருக்குமா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். உங்கள் முட்டையும் விந்தணுவும்தானே, வேறு யார் மாதிரி இருக்கும்? அப்படிப் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978-இல். அவர் வளர்ந்து, கல்யாணமாகி, சிகிச்சை எதுவும் இல்லாமலே தாயானவர். இதை அம்மாவிடம் சொல். ஆனால் உடனே அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. முட்டை வெளிவருவதில்தான் சிக்கல் என்றால் பலருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடும். விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. எங்களுக்கு மூன்று தடவையும் பலிக்கவில்லை. அப்புறம் ஒரே ஓர் அணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறைக்குப் போனோம். முதல் கரு தங்கவில்லை. உறையவைத்திருந்த இரண்டாவது கருதான் என் மகள்.

நீங்களும் அந்தக் கட்டத்துக்குப் போனால் ஒன்றைக் கேட்க மறக்காதே. வெற்றி விகிதம் என்று ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதையா, குழந்தை கைக்கு வந்ததையா, எதை எண்ணிச் சொல்கிறார்கள் என்று கேள். தேவியின் வயதுக்காரர்களுக்கு எவ்வளவு என்றும் கேள். ஒரு தடவைக்கு எத்தனை கரு வைப்பார்கள் என்றும் கேட்டுக்கொள். இரட்டைக் குழந்தை என்றால் கேட்க நன்றாயிருக்கும், தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல்.

சிகிச்சையைவிட எங்களை அதிகம் உலுக்கியது வேறு. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மீனா சிவப்பு மையால் வட்டம் போடுவாள். போகப் போக அந்த வட்டம் விழுந்த நாள்களில் நாங்கள் கணவன் மனைவியாக இல்லை, வேலை முடிக்க வந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். பீரியட்ஸ் வந்த நாளில் அவள் குளியலறையில் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பாள். நான் வெளியே உட்கார்ந்து டி.வி. பார்ப்பதுபோல் நடிப்பேன். கதவைத் தட்டியிருக்கலாம். நீ தட்டு, செல்வம். ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசிக்காதே, உள்ளே போய்ப் பக்கத்தில் இரு. ஒரு மாதம் வட்டமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு நாங்கள் சும்மா இருந்தோம். அந்த ஒரு மாதம்தான் எங்களைத் திரும்பச் சேர்த்தது.

“ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்பவர்களுக்கும் இனிமேல் நீயே பதில் சொல். “டாக்டரைப் பார்க்கிறோம், எனக்கும் பரிசோதனை நடக்கிறது” என்று எல்லார் முன்னாலும் ஒரே ஒரு முறை சொல்லிப் பார். கேள்வி தேவியை விட்டு விலகிவிடும். உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினை வருகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இங்கே எல்லாரும் நலம். மகளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, ‘ச’ சொல்ல வரவில்லை, உன்னைத் ‘தெல்வம் மாமா’ என்கிறாள். மீனாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன், தப்பாக நினைக்காதே. தேவிக்கு இஷ்டமிருந்தால் தானே பேசுகிறேன் என்றாள். வற்புறுத்த மாட்டாள்.

இந்த வாரமே லேபில் நாள் வாங்கிவிடு. தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் முதல் நாள் ராத்திரி கூப்பிடு, நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

உன்,
ரவி