'எதிர்ப்பே வராது' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கிருமியைக் கொல்லும் பாலிமர்கள் (சிறு மூலக்கூறுகளைச் சங்கிலி மாதிரி கோத்துச் செய்யும் பொருள்கள்) பற்றி அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகைகள் பெரிதாகத் தொடாத விஷயம், அதற்கு நன்றி. ஆனால் 'இதற்கு எதிராகப் பாக்டீரியாவால் எதிர்ப்புச் சக்தி பெறவே முடியாது' என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், மருத்துவமனை நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்க்கிற என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப் என்பவர் ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு அறுவை செய்து, தையல் போட்டு, அழுக்குத் தொட்டித் தண்ணீரிலேயே திரும்ப விடுவார். புண் சீழ் பிடிக்காமல் ஆறிவிடும். ஏன் என்று தோண்டியதில் தவளைத் தோலில் 23 அமினோ அமிலம் கொண்ட சின்னப் பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதத் துண்டுகள், கிடைத்தன. 1987இல் 'மகைனின்' என்று பெயரிட்டு வெளியிட்டார். நம் உடம்பிலும் இதே வகைப் பெப்டைடுகள் உண்டு.

வேலை செய்யும் விதம் எளிது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எதிர் மின்சுமை அதிகம், நம் செல்லின் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை. பெப்டைடின் ஒரு பக்கம் நேர் மின்சுமை, மறுபக்கம் கொழுப்போடு ஒட்டும் தன்மை. நேர் பக்கம் கிருமியைத் தேடிப் பிடிக்கிறது, கொழுப்புப் பக்கம் சவ்வுக்குள் நுழைந்து கிழிக்கிறது. சரி, அப்படியே மருந்தாக்கலாமே என்றால், அமினோ அமிலங்களைப் பூக் கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும், செலவு அதிகம். உடம்புக்குள் போனால் நொதிகள் வெட்டிப் போடும். மகைனினை ஒட்டிச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஒரு களிம்பு செய்தார்கள், இருக்கிற மருந்தைவிட மேல் என்று காட்டவில்லை என்று 1999இல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்துவிட்டது.

அதனால்தான் பாலிமர். வடிவத்தை அச்சாக நகலெடுக்க வேண்டாம், நேர் மின்சுமையும் கொழுப்புத் தன்மையும் சரியான அளவில் இருந்தால் போதும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் டிகிராடோ, டியூ குழு 2002இல் காட்டியது. அங்கேயே கெல்மன் என்பவரின் குழு நைலான் குடும்பத்திலேயே இப்படிப் பாலிமர் செய்தது. மெல்போர்னில் 2016இல் நட்சத்திர வடிவில் வந்தது. மொத்தமாக ஒரே கலனில் செய்யலாம், நொதிக்கும் அவ்வளவு சுலபமாக அகப்படாது. காண்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்தில் இதற்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பாலிமர் பல வருஷமாக இருக்கிறது, ஆக நீங்கள் எழுதின அளவுக்குப் புத்தம்புதுசும் இல்லை.

இனி சிக்கலுக்கு வருகிறேன். கொழுப்புத் தன்மை கொஞ்சம் கூடிப்போனால் இந்தப் பாலிமர் நம் செல்லையும் கிழிக்கும். அதைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. கழுவின சிவப்பணுக்களை உப்புநீரில் போட்டு, பாலிமரைக் கலந்து, கொஞ்ச நேரம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். அணுக்கள் நன்றாக இருந்தால் அடியில் போய்ப் படியும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். உடைந்திருந்தால் மேல் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிடும். கிருமியைக் கொல்ல எவ்வளவு வேண்டும், சிவப்பணுவை உடைக்க எவ்வளவு வேண்டும், இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத்தான் இந்தத் துறையில் முதலில் கேட்பார்கள். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் எதிர்ப்பு. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து, ஐசியூவில் வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்குக் கடைசியாக எடுப்பது. அதுவும் நேர் மின்சுமை கொண்ட பெப்டைடுதான், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிப்பது, அதுவும் சவ்வைத்தான் தாக்குகிறது. நம் நாட்டில் கோழித் தீவனத்தில் கலந்து கொண்டிருந்தார்கள், 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது. அதற்குள் 2015 நவம்பரிலேயே, இந்த மருந்துக்கான எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எம்சிஆர்-1 மரபணு வழியாகப் பரவுகிறது என்று சீனாவிலிருந்து செய்தி வந்துவிட்டது. அந்த மரபணு செய்வது பெரிய வித்தையெல்லாம் இல்லை. வெளிச்சவ்வில் ஒரு சின்ன வேதித் தொகுதியை ஒட்டி எதிர் மின்சுமையைக் குறைத்துவிடுகிறது, மருந்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது. பாலிமரும் முதலில் பிடிப்பது அதே மின்சுமையைத்தானே!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது கிருமிக்குச் சுலபமில்லை, ஒரே ஒரு நொதியைத் தாக்கும் மருந்தைவிட இங்கே எதிர்ப்பு மெதுவாகத்தான் வரும். மெல்போர்ன் குழுவும் தங்கள் சோதனையில் எதிர்ப்பு தென்படவில்லை என்றுதான் சொன்னது. 'தென்படவில்லை' என்று நீங்களும் எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

இந்த வாரம் ஒரு நோயாளியின் மகன் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துவந்து, அப்பாவுக்கு இதைப் போடலாமா, எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். அவருக்குப் பதில் சொன்னது நான், நீங்கள் இல்லை. அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது சிவப்பணு சோதனையில் என்ன வந்தது, எலி வரைக்கும் போனதா, டியூபோடு நின்றதா, மனிதருக்குக் கொடுத்தார்களா என்பதற்கு நாலு வரி ஒதுக்குங்கள். தலைப்பைச் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மருத்துவமனை லேப் ஊழியர் ஒருவர்,
திருச்சி