என் கதையில் பென்சில் வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். எங்கள் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகை போன வாரம் ஐந்தாவது இதழைத் தொட்டுவிட்டது. இந்த மாதத்தோடு எனக்குக் கல்லூரியும் முடிகிறது. மேடையேற்றி நன்றி சொல்லச் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. ‘அனைவருக்கும் நன்றி’ என்று முனகிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் தமிழம்மாவுக்கு. முதலாமாண்டில் உங்களிடம் ஒரு கதை கொடுத்தேனே, நினைவிருக்கிறதா அம்மா? கொடைக்கானலில் நடக்கிற கதை. நாயகன் பெயர் ஆகாஷ். பனிமூட்டத்தில் நின்று காபி குடித்துக்கொண்டே அழுவான். நான் கொடைக்கானலுக்கு இன்றுவரை போனதில்லை. எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். நீங்கள் அதைக் கேலி செய்யவில்லை. முழுக்கப் படித்து முடித்துவிட்டு, “சரி, கோவில்பட்டியில மழை பேஞ்சா என்ன ஆகும்?” என்று கேட்டீர்கள்.

“செருப்பு போயிரும்மா” என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கரிசல் மண் நனைந்தால் களிதான். முதல் அடியில் காலில் அப்பும். நாலாவது அடியில் செருப்பு செங்கல் கனம் கனக்கும். அடுத்த அடியில் செருப்பு மண்ணோடு நின்றுகொள்ளும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். இதை நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதும் நீங்கள் சிரித்துவிட்டு, “இதத்தான எழுதணும்” என்றீர்கள்.

அம்மா, பள்ளியில் படிக்கும்போது ‘மழைக்காலம்’ கட்டுரையில் இதே செருப்பை எழுதி, ‘கொச்சை’ என்று சிவப்பு மையில் வட்டம் வாங்கியவள் நான். அன்றிலிருந்து வீட்டுப் பேச்சைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் பிரித்து வைத்திருந்தேன். வட்டம் போட்டவர்மேல் கோபமில்லை, பரீட்சைத்தாள் திருத்துகிறவருக்கு அவர் கவலை. ஆனால் அந்த வட்டத்தை அழிக்க எனக்கு ஆறு வருஷமும் உங்கள் பென்சிலும் தேவைப்பட்டன.

அடுத்து, கிளை நூலக அண்ணாச்சிக்கு. கரிசல் எழுத்து என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து ஊர் இடைசெவல். பஸ்ஸில் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். அந்த ஒரு ஊரிலிருந்தே கு. அழகிரிசாமிக்கு 1970லும் கி. ராஜநாராயணனுக்கு 1991லும் சாகித்திய அகாதமி விருது போயிருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது என்னை ஏமாற்றுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். கி.ரா. கல்லூரி வாசலே மிதிக்காதவர், அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்கார வைத்தது, நம் பக்கத்துப் பேச்சுச் சொற்களை எல்லாம் திரட்டி அவர் ஒரு அகராதியே போட்டார் என்றும் சொன்னீர்கள். அந்த அகராதியை எடுத்து மேசையில் வைத்தீர்கள். எங்கள் ஆச்சி பேசுகிற பேச்சு அச்சில் இருந்தது, அர்த்தம் எல்லாம் போட்டு. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பூட்டுகிற நேரம் வரை புரட்டிக்கொண்டிருந்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றீர்களே, அதற்குத் தனி நன்றி. (நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். 1948லேயே சட்டம் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து புத்தகம் எடுக்காத வாரமெல்லாம் காசு நட்டமான மாதிரியே இருக்கிறது.)

இப்போது எங்கள் அம்மாவுக்கு.

அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனவள். (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) அவளை வைத்து நான் எழுதிய கதையில், ‘களைத்த கண்களால் ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துப் பார்த்துக் கட்டை அடுக்கினாள்’ என்று ஒரு வரி. (மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளை வரிசையாகப் பிடித்து வைக்கிற சட்டம்தான் கட்டை.) எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. தமிழம்மாவுக்குக்கூட அந்த வரி பிடித்திருந்தது. வீட்டில் வாசித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “எவ பாத்துப் பாத்து அடுக்குனா?” என்றாள்.

“அப்படிப் பாத்தா ஒரு நாளைக்கு நாலு கட்டைகூட ஏறாது. கை அது பாட்டுக்குப் போகும். கண்ணு எதிர்ல உக்காந்திருக்கவ வாயில இருக்கும். மிஷின் சத்தத்துல பேச்சு கேக்காதுல்ல?”

அப்புறம் பூண்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, தரையில் விரலால் பரப்பிக் காட்டினாள். கட்டையில் அடுக்குகிற மெல்லிய பலகைக்குச் சக்கை என்று பெயர். பள்ளம் பள்ளமாக வெட்டிய சக்கையில் பள்ளத்துக்கு ஒரு குச்சி. இடது கை குச்சியை உருட்டிக் கொடுக்க, வலது கை தள்ளிக்கொண்டே போகும். வெறும் தரையில்தான் செய்தாள், கையில் ஒரு குச்சி கிடையாது. ஆனாலும் எந்த இடத்தில் வரிசை முடிந்து அடுத்த சக்கைக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பார்வை முழுக்க என் முகத்தில் இருந்தது.

தொண்டை அடைத்த வரியை அன்று இரவே அடித்தேன். ‘அம்மா கட்டையைப் பார்ப்பதில்லை’ என்று கதை புதிதாகத் தொடங்கியது. எனக்கும் எழுத வரும்போல என்று முதல்முறையாகத் தோன்றியது அந்த ராத்திரிதான். இன்னொரு திருத்தமும் அவளுடையது. கதை நடக்கிற வருஷம் 2022, நான் தீப்பெட்டியை ஒரு ரூபாய் என்று எழுதியிருந்தேன். “ரெண்டு ரூவா ஆயிருச்சுல்ல?” என்றாள். 2021 டிசம்பரில்தான், 14 வருஷம் கழித்து, விலை ஏறியிருந்தது. பெட்டியைச் செய்கிறவளுக்குத் தெரியாதா என்ன!

கதை மூன்றாவது இதழில் வந்தது. முத்துமுத்தாகப் படியெடுத்த தோழிக்கும், படம் வரைந்த தம்பிக்கும் நன்றி. பத்திரிகைக்கு இருப்பது ஒரே ஒரு பிரதி, அது கை மாறி கை மாறித்தான் போகும். கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விட்டிருப்போம், படித்தவர்கள் எழுதுவதற்காக. ‘அருமை’, ‘சூப்பர்’ என்பவற்றுக்கு நடுவில் யாரோ பச்சை மையில், ‘இது எங்க அத்தையேதான். ஆனா அத்தை இன்னும் நல்லா சண்டை போடும்’ என்று எழுதியிருந்தீர்கள். பெயர் போடவில்லை. நீங்கள் யாராக இருந்தாலும் சரி, ஐந்தாவது இதழில் சண்டை போடுகிற அத்தையை வைத்துத்தான் கதை எழுதியிருக்கிறேன்.

போட்டிகளுக்கு அனுப்பிய மூன்று கதைகளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அதனால் அந்தப் பக்கம் யாருக்கும் நன்றி சொல்ல வழியில்லை.

எல்லா இதழுக்கும் அட்டை ஒட்டியது அம்மாதான். மைதா காய்ச்சி, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய அதே கணக்கில், ஓரத்தில் விரலை ஒரே இழுப்பாக இழுத்து. இதுவரை ஒரு அட்டைகூடப் பிரியவில்லை. நான்காவது இதழைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை யாரோ வாங்கிக்கொண்டு போய் மூன்று மாதமாகிறது. ஆசையாகப் படிக்கிறீர்கள்போல, அதற்கும் நன்றி. சீக்கிரம் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.