ஊசி போட்டுக்கொள்ள வருகிற மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் உள்ள டிஸ்க் இடது பக்கம் பிதுங்கி, காலுக்கு இறங்கும் எல்5 என்கிற நரம்பின் வேரை அழுத்துகிறது. பிட்டத்தில் பிடித்து, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்புறம் கட்டைவிரல் வரை இழுக்கிறது என்றாயே, அது எல்5 ஓடுகிற பாதைதான். படமும் வலியும் ஒத்துப்போவதால்தான் டாக்டர், முதுகில் அந்த நரம்பை ஒட்டி, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி என்கிறார். காலுக்கு இறங்காத வெறும் முதுகுவலிக்கு இந்த ஊசி பெரிதாக உதவாது. "எனக்குப் போட்டும் கேட்கவில்லை" என்று யாராவது உன்னைப் பயமுறுத்தினால், அவருக்குக் கால்வலி இருந்ததா என்று முதலில் கேள்.

தேதியை மாற்று. இரண்டு வார லீவில் தி.நகர், கல்யாண வீடு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் ஊசி என்று போட்டிருக்கிறாய். வந்து இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் போட்டுக்கொள். பலன் முழுதாகத் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். ஏதாவது கோளாறு என்றால் அதுவும் முதல் சில நாளில்தான் தலைகாட்டும். அப்போது நீ சிங்கப்பூர் விமானத்தில் இருக்கக் கூடாது.

டாக்டரிடம் நீயாகவே சொல்லவேண்டியவை சில உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாய், ஊசியில் உள்ள ஸ்டீராய்டு சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை, சர்க்கரையை ஏற்றும். வீட்டு மெஷினில் காலையும் மாலையும் பார்த்து எழுதிவை. நாள் தள்ளியிருந்தால் சொல்லிவிடு, எக்ஸ்ரே சம்பந்தப்பட்டது. காய்ச்சல், சளி, பல்லில் சீழ், எதற்காவது ஆன்டிபயாடிக் என்று இருந்தால் தள்ளிப்போடுவார்கள், வருத்தப்படாதே. முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்தபோது ஏற்றிய மருந்தால் தடிப்பு வந்திருந்தால் அது முக்கியம். இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்கும் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் செலுத்தும் இந்தச் சாய மருந்துக்கும் சம்பந்தமில்லை, இன்னும் பலர் நம்பிக்கொண்டிருந்தாலும்.

அப்பாவையும் அதே டாக்டரிடம் காட்டலாம் என்று எழுதியிருந்தாய். காட்டலாம், ஆனால் அவர் இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். முதுகில் ஊசி போட அதை வழக்கமாக ஏழு நாள் முன்பே நிறுத்தவேண்டும். ஸ்டென்ட் வைத்த இருதய டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அவருடைய முதுகு காத்திருக்கும்.

மயக்கம் கொடுப்பார்களா என்று கேட்டாய். சிலர் லேசாகக் கொடுப்பார்கள். அப்படியானால் ஆறு மணி நேரம் சாப்பாடு கிடையாது, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஊசி நரம்பைத் தொட்டால் "கரண்ட் அடிக்குது" என்று சொல்ல நீ விழித்திருக்கவேண்டும்.

தியேட்டரில் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். இடுப்புச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றிவிடு, படத்தில் குறுக்கே விழும். கிருமி போக பெட்டாடினோ குளோர்ஹெக்சிடினோ தடவிக் காயவிட்டு, பச்சைத் துணி போர்த்துவார்கள். சி-ஆர்ம் என்கிற வளைந்த எக்ஸ்ரே மெஷின் உன்னைச் சுற்றித் திரும்பும். முதலில் தோலில் மரக்க வைக்கிற லிக்னோகெய்ன், பத்து விநாடி எரியும். பெரும்பாலானவர்கள் இதைத்தான் அதிக வலி என்பார்கள். பிறகு ஒன்பது சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ஊசி. நீளத்தைக் கேட்டுப் பயப்படாதே. கொஞ்சம் நகர்த்துவது, ஒரு படம், மறுபடி கொஞ்சம், பக்கவாட்டில் ஒரு படம் என்று, நரம்பு எலும்புக்கு வெளியே வரும் துவாரம் வரை கொண்டுபோவார்கள். சிசேரியனுக்கு உனக்குப் போட்டது தண்டுவட நீருக்குள் போகிற ஊசி. இது அந்த நீரைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

மருந்துக்கு முன்னால் ஒரு மில்லி அளவுக்குச் சாயம் செலுத்துவார்கள். இந்த ஒரு மில்லிக்காகத்தான் மெஷின், ஈய ஏப்ரன், இத்தனை செலவும். ஊசி சரியான இடத்தில் இருந்தால் சாயம் நரம்பை ஒட்டிக் கோடாகப் படரும். இரத்தக் குழாயில் இருந்தால் கண் எதிரே கரைந்து ஓடிவிடும்; உடனே ஊசியை மாற்றி வைப்பார்கள். அப்படி மாற்றினால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைக்காதே, சாயம் தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தத் துவாரத்தின் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும் சின்னத் தமனிகள் உண்டு. துகள் கலந்த ஸ்டீராய்டு அதற்குள் போனால் அடைத்துக்கொண்டு கால் செயலிழக்கலாம். மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதனால் "டெக்ஸாமெதசோன்தானே டாக்டர், துகள் இல்லாதது?" என்று முன்கூட்டியே கேள். கேட்பதில் தப்பில்லை, நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார்.

மருந்து இறங்கும்போது உன் பழைய வலியே காலில் அழுத்தமாக எழும். அது எதிர்பார்த்ததுதான். சுரீர் என்று வெட்டினால் மட்டும் வாயால் சொல், உடம்பை உதறாதே. உள்ளே போனதிலிருந்து இருபது நிமிஷம்கூட ஆகாது. அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்க வைத்து பி.பி. பார்ப்பார்கள். முதல் தடவை எழும்போது நர்ஸைப் பிடித்துக்கொள். கால் சில மணி நேரம் மரத்து, வலுவில்லாமல் இருக்கலாம். பாத்ரூமில் வழுக்கி விழுகிறவர்கள் உண்டு. ஆட்டோ வேண்டாம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் ரோட்டில் ஒவ்வொரு குழியும் உன் முதுகில் வந்து இறங்கும். தம்பி காரை எடுத்து வரட்டும், முன் சீட்டைச் சாய்த்துக்கொள். அன்றைக்கு நீ வண்டி ஓட்டக் கூடாது.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. ஊசியில் இருப்பவை இரண்டு மருந்துகள். மரக்க வைக்கிற மருந்து நிமிஷங்களில் வேலை செய்து சில மணி நேரத்தில் போய்விடும். ஸ்டீராய்டு பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாளில்தான் ஆரம்பிக்கும். நடுவில் உள்ள நாட்களில் பழைய வலி திரும்பும், சிலருக்குக் கூடுதலாகவே. அந்த ராத்திரிதான் எல்லோரும் "பணம் போச்சு" என்று அழுவது. முகம் சிவக்கலாம், தூக்கம் வராமல் போகலாம், மாதவிடாய் முன்னே பின்னே ஆகலாம், தானாகச் சரியாகும். ஊசி போட்ட இடத்தில் துணி சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிஷம் வை. வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்க் குளியலும் சில நாள் வேண்டாம். நீச்சல் குளமும் அப்படித்தான்.

ஊசிக்கு முன்பு உட்காரும்போது, நிற்கும்போது, பத்து நிமிஷம் நடக்கும்போது வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுது. ஊசிக்குப் பிறகு ஆறு மணி நேரம், மணிக்கொருதரம் அதையே எழுது. முதல் இரண்டு மணி நேரத்தில் கால்வலி பாதிக்கு மேல் இறங்கினால், வலியைக் கிளப்புவது அந்த நரம்புதான் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஸ்டீராய்டு பின்னால் கைவிட்டாலும் அந்தத் தாள் அடுத்த முடிவுக்கு உதவும். வெறுமனே "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உட்கார்ந்தால் ஏறிப் படுத்தால் இறங்குகிற தலைவலி, மறுநாளும் போகாத கால் பலவீனம், இவற்றில் எது வந்தாலும் அன்றே போன் செய். சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ போன் செய்துகொண்டிருக்காதே, 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போ.

பலன் சில வாரமோ சில மாதமோ நிற்கும். பிதுங்கிய டிஸ்க் பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்கும். அதுவரை நடக்கவும் பிசியோதெரபி செய்யவும் விடுகிறது என்பதுதான் ஊசியின் உபயோகம். வலி போன வாரத்தில் சூட்கேஸ் தூக்காதே. சில இடங்களில் மூன்று ஊசி பேக்கேஜ் என்று முன்பணம் கேட்பார்கள், கட்டாதே. முதல் ஊசியின் பலனைப் பார்த்துத்தான் இரண்டாவது, அதுவும் இரண்டு வாரமாவது கழித்து. வருஷத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் போகமாட்டார்கள். எஸ்டிமேட்டில் சி-ஆர்ம், சாயம், டே-கேர் படுக்கை எல்லாம் சேர்ந்திருக்கிறதா பார். இன்ஷூரன்ஸுக்கு முன் அனுமதி எழுத்தில் வாங்கு.

இன்று ஒரு காரியம் செய். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலால் பத்து அடி நட. இடது பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல் தொங்கினால் இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு அங்கேயே டாக்டரிடம் போ. அப்போது பேசவேண்டியது ஆபரேஷனைப் பற்றி. நன்றாக நடந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடு, தேதி வாங்கிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. ஃபிலிமையும் அந்தப் படம் பதிந்த சி.டி. தட்டையும் கைப்பையில் வை, செக்-இன் பெட்டியில் போடாதே. டாக்டர் ரிப்போர்ட்டை நம்பி ஊசி போடமாட்டார், படத்தைப் பார்ப்பார்.

அன்புடன்,
அம்மா
மயிலாப்பூர், சென்னை